குச்சிக்கு எப்படி சுகர் வந்தது?

அன்புள்ள குச்சிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைவிட, அதோடு அனுப்பிய குரல் பதிவுதான் என்னைச் சிரிக்கவும் வைத்தது, கொதிக்கவும் வைத்தது. உன் நாத்தனார் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னாளாமே: "ராத்திரி யாருக்கும் தெரியாம அல்வாவ முழுங்கியிருப்பிய மதினி, இல்லன்னா ஒங்க ஒடம்புக்கு எப்படி வரும்?" என்று. நீயும் ஊமை மாதிரி நின்றுவிட்டு வந்திருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரையே எதிர்த்துப் பேசினவள் நீ! இத்தனைக்கும் அவள் அன்றைக்கு மூன்று ஜாங்கிரி சாப்பிட்டாள் என்று நீயே எண்ணி வைத்திருக்கிறாய். அவளுக்கு சுகர் இல்லை, உனக்கு இருக்கிறது. "இதில் எங்கேடி நியாயம்?" என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உன் மாமியார் கூப்பிடுவார். அதனால்தான் கடிதம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் எண்கள். வெறும் வயிற்றில் 118, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 226, மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி 6.8. ஆமாம், இது சுகர்தான், சமாதானம் சொல்ல மாட்டேன். 200-ஐயும் 6.5-ஐயும் தாண்டினால் அதுதான் பெயர். ஆனால் காலையில் அவ்வளவு மோசமில்லாமல், சாப்பிட்ட பிறகு மட்டும் எகிறுகிறது பார், கதையே அங்கேதான் இருக்கிறது.

உன் உடம்பில் ஓடுகிற ரத்தம் மொத்தத்திலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்க வேண்டிய குளுக்கோஸ் நாலைந்து கிராம்தான், ஒரு டீஸ்பூன். ஒரு தட்டுச் சோற்றில் அதற்குப் பத்து மடங்குக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அத்தனையும் குளுக்கோஸாகத்தான் குடலிலிருந்து வந்து இறங்கும். அப்படியிருந்தும் நல்ல உடம்பில் சாப்பாட்டுக்குப் பிறகு 140-ஐத் தாண்டுவதே அபூர்வம். வருகிற வேகத்திலேயே யாரோ வாங்கி ஈரலுக்கும் தசைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அதனால் தின்றது ஜாங்கிரியா சோறா என்பது இரண்டாவது கேள்வி. வந்ததைப் பட்டுவாடா செய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. (இதை வைத்து நாத்தனாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிவிடாதே. அவள் ஈரல் இப்போதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.)

அந்த ஆள், கணையத்துக்குள் இருக்கும் பீட்டா செல்கள். கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குகூடத் தேறாத சின்னச் சின்னத் திட்டுகளில் அவை குடியிருக்கின்றன. 1869-இல் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர்தான் அந்தத் திட்டுகளை முதலில் பார்த்தார். எதற்கு இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. இருந்தும் இன்று உலகம் முழுக்க அவர் பெயரைச் சொல்லித்தான் அவற்றைக் கூப்பிடுகிறது.

பீட்டா செல்லிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது எட்ட நின்று அளப்பதில்லை. உள்ளே இழுத்து எரித்துப் பார்க்கிறது. எரிகிற அளவுக்குச் சக்தி பிறக்கிறது. அந்தச் சக்தி செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்களை அடைக்கிறது, அடைத்ததும் மின் நிலை மாறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, இன்சுலின் அடைத்த குட்டிப் பைகள் செல்லின் ஓரத்துக்கு வந்து வாய் திறக்கின்றன. உன் மாமனார் வருஷக்கணக்காகச் சாப்பிட்டாரே கிளிமிபிரைடு, அந்த வகை மாத்திரைகள் நேராகப் போய் அந்தப் பொட்டாசியம் வாசலைத்தான் அடைக்கின்றன. சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடைக்கும். அதனால்தான் அவர் சாப்பிட நேரமானால் வியர்த்துக் கொட்டி மயங்குவார். 1942-இல் பிரான்சின் மோன்பெலியேயில் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புது சல்ஃபா மருந்து கொடுத்தபோது அவர்களும் இப்படித்தான் சர்க்கரை இறங்கி விழுந்தார்கள். அந்த மாத்திரைக் குடும்பமே அப்படிப் பிறந்ததுதான்.

இப்போது உன் 226-க்கு வருகிறேன். இன்சுலின் இரண்டு தவணையாக வெளியே வரும். கல்யாண வீட்டில் இலை போட்டதும் பரிமாற வாளிகளில் எடுத்து வைத்தது முதலில் வந்துவிடும், பின்பந்திக்கு உள்ளே வடித்துக்கொண்டிருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. சர்க்கரை ஏறிய சில நிமிடங்களில் தயாராக இருந்த பைகள் சட்டென்று காலியாகும், அது முதல் தவணை. பிறகு மெதுவாக, சர்க்கரை இருக்கும்வரை வந்துகொண்டே இருப்பது இரண்டாவது. சுகர் வரும் வழியில் முதலில் கெடுவது அந்த முதல் தவணைதான். அது சரியாக வந்தால் ஈரல் உடனே "சரி, சாப்பாடு வந்துவிட்டது" என்று தன் சேமிப்பிலிருந்து சர்க்கரை விடுவதை நிறுத்தும். வராவிட்டால் சோறும் சர்க்கரை தரும், ஈரலும் தரும். இரவில் இரண்டாவது தவணை மெல்லச் சமாளித்துக் காலையில் 118-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. நாத்தனாரிடம் இதைச் சொல்லிப் பார், கொட்டாவி விடுவாள்.

ஆனால் சுரப்பது பாதிக் கதைதான். சுரந்ததை உடம்பு கேட்க வேண்டாமா? இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பெண் இருக்கிறார். உனக்குப் பிடிக்கும், கேள்.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற பகுதியில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனை. அங்கே துப்புரவுச் சாமான் வைக்கும் அறையைக் காலி செய்து ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார் ரோசலின் யாலோ. டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவர். பெண்ணுக்கு இயற்பியலில் எங்கே இடம் கிடைக்கும், டைப் அடித்துப் பிழைத்துக்கொள் என்று சொல்லப்பட்டவர். சாலமன் பெர்சன் என்ற டாக்டரோடு சேர்ந்து இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஒட்டி, அது உடம்பில் எங்கே போகிறது என்று துரத்தினார். இன்சுலின் ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் பொருள் உருவாகிறது என்று கண்டு எழுதினால், பெரிய பத்திரிகைகள் நம்பவில்லை, திருப்பி அனுப்பிவிட்டன. தலைப்பை மாற்றின பிறகுதான் 1956-இல் அச்சேறியது. அம்மாள் சும்மா விட்டாரா? அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபல் பரிசு வாங்கும்போது பேசிய உரையில் அதையே எடுத்துக் காட்டினார்! பெர்சன் பாவம், 1972-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த எதிர்ப்புப் பொருளையே வைத்து ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை இருவரும் உண்டாக்கினார்கள். காப்புரிமை வாங்கிக் காசு பார்க்கவுமில்லை. அளந்து பார்த்தால் அதிர்ச்சி. நடுவயதில் சுகர் வந்தவர்கள் பலரின் ரத்தத்தில் இன்சுலின் இல்லாமல் இல்லை. தாராளமாக இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. தசையும் ஈரலும் கொழுப்பும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. கேட்காத உடம்பைக் கேட்க வைக்கக் கணையம் மேலும் மேலும் சுரக்கும். எத்தனை வருஷம் அப்படி மல்லுக்கட்ட முடியும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். உன் நாத்தனார் கணையம் கெட்டிக்காரக் கணையம், இன்னும் ஓடுகிறது. நம்மவர்கள் பலருக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கிவிடுகிறது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சுகர் என்று சீட்டு எழுதும் நாளிலேயே பீட்டா செல்களின் திறனில் பாதி போயிருந்ததாகக் கணக்கிட்டார்கள். அதனால் "போன மாசம் வந்த வியாதி" என்று நினைக்காதே.

"நான்தான் குச்சியாச்சே, குண்டானவர்களுக்குத்தானே உடம்பு கேட்காது?" என்பாய். அதற்கும் ஒரு வம்பு வைத்திருக்கிறேன்.

2004-இல் லான்செட் பத்திரிகையில் ஒரே ஒரு பக்கத்துக் கட்டுரை, இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படத்தோடு. ஒருவர் புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். (சர்க்கரையைத் திட்டிப் புத்தகம் எழுதிய யுட்கின் வேறு ஆள், குழப்பிக்கொள்ளாதே.) இருவருக்கும் உயரத்துக்கு எடை ஒரே கணக்கு, உடல் நிறை எண் 22.3. பார்க்க இருவருமே ஒல்லி. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஒருவர் மாரத்தான் ஓடுபவர், மற்றவர் ஓடுவதெல்லாம் ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுமுன் உள்ளே நுழையத்தான் என்று கேலியும் எழுதி வைத்திருந்தார்கள். கேலிக்குப் பின்னால் ஒரு வரி, யாக்னிக் பிறந்தபோதே எடை குறைவு என்பது.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1993-இலிருந்து புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தவர். அங்கே பிறந்த பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டன் பிள்ளைகள் 3.5 கிலோ. எடை குறைந்த புனேப் பிள்ளைக்கு எல்லாமே குறைந்திருக்க வேண்டுமல்லவா? தசையும் வயிற்று உறுப்புகளும் குறைந்திருந்தன, தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாய்க்குக் கிடைப்பது போதாதபோது கரு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதைச் சிக்கனப்படுத்துகிறது என்பது ஹேல்ஸும் பார்க்கரும் 1992-இல் முன்வைத்த கருத்து. அந்தச் சிக்கனத்தில் கணையமும் அடங்கும்.

உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வயல் வேலைக்குப் போனதையும், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருந்ததைச் சாப்பிட்டதையும் நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் உனக்கு வந்தது என்று தனியாக உன் ஒருத்தியைப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. உன் அப்பாவுக்கும் சுகர் இருந்தது, ரத்த வழி வேறு இருக்கிறது. ஆனால் மறுமுறை யாராவது அல்வாவைப் பற்றி வாயைத் திறந்தால், உன் கணக்கு நீ பல் முளைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டது என்று சொல். குச்சிக் கை, குச்சிக் கால் என்று நாங்கள் கேலி செய்தோமே, அதில் ஒரு விஷயம் உண்டு. சாப்பிட்ட குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசை கொஞ்சமாக இருந்தால் வாங்குகிற ஆளும் கொஞ்சம்தான்.

அடுத்த வம்பு, கல்யாணத்தில் எல்லோரும் கிசுகிசுத்தது. உன் ஒன்றுவிட்ட அண்ணன் மருமகள் ஆறு மாதத்தில் பாதியாகிவிட்டாளாம், "அந்த ஊசி" போடுகிறாளாம். போடட்டுமே, அதில் என்ன ரகசியம்? ஊசியின் பூர்வீகத்தைக் கேட்டால் இன்னும் நன்றாகக் கிசுகிசுப்பீர்கள்.

யாலோ முறையில் இன்சுலினை அளக்க முடிந்ததும், 1964-இல் லண்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு வேடிக்கையைப் பார்த்தார்கள். குளுக்கோஸைக் குடல் வழியாகக் கொடுத்தால் வருகிற இன்சுலின், நரம்பில் நேராக ஏற்றினால் வருவதைவிட மிக அதிகம். அப்படியானால் குடல் கணையத்துக்குத் தகவல் சொல்கிறது! அந்தத் தகவலைச் சுமக்கும் ஹார்மோன்களில் ஒன்றுதான் ஜிஎல்பி-1. இரண்டு நிமிடங்களில் பாதி அழிந்துவிடும், மருந்தாக்க முடியாது. பிறகு அதே பிராங்க்ஸ் மருத்துவமனையில், யாலோவிடம் வேலை கற்ற ஜான் எங், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் அதைப் போன்ற, ஆனால் சட்டென்று அழியாத ஒன்றைக் கண்டார். 1992-இல் வெளியிட்டார். மருத்துவமனை நிர்வாகம் காப்புரிமைக்குச் செலவழிக்க மறுத்ததால் சொந்தக் காசில் வாங்கினாராம். 2005-இல் அது மருந்தாக வந்தது. இன்றைய ஊசிகள் அந்த வழியில் வந்தவை, பல்லியிடமிருந்து அல்ல, மனித ஹார்மோனையே திருத்திச் செய்தவை. அண்ணன் மருமகளைப் பார்த்தால் பல்லியைப் பற்றிச் சொல்லிவிடாதே, அவள் ஏற்கெனவே பல்லி விழுந்த பலன் பார்க்கிறவள்.

உனக்கு அந்த ஊசி வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது, இருக்கிற எடையையும் குறைத்துக்கொண்டு என்ன செய்வாய்? உன் டாக்டரிடம் சி-பெப்டைட் சோதனை தேவையா என்று மட்டும் கேள். கணையம் ஒவ்வொரு இன்சுலினையும் வெட்டி எடுக்கும்போது கூடவே விழும் துண்டு அது. எண்ணிக்கையில் இரண்டும் சமம். அதை அளந்தால் உன் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று ஓரளவு தெரியும். ஒல்லியாக இருப்பவர்களுக்கு இது சில நேரம் சிகிச்சையையே மாற்றும்.

இப்போது உன்னைத் திட்டப் போகிறேன். மாமியார் ராத்திரி இரண்டு தடவை எழுப்புகிறார், நீ பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறாய். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். நல்ல திடகாத்திரமான பையன்கள், அவர்களுக்கே குளுக்கோஸைக் கையாளும் திறன் இறங்கிப்போனது. அதோடு நீ பத்தரை மணிக்குத்தான் எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறாய். இருட்டிய பிறகு மெலட்டோனின் ஏறும். அதைக் கேட்கும் காது பீட்டா செல்லிலும் இருக்கிறது, கேட்டதும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து நீ இட்லியும் சட்னியும் அனுப்பினால் அது என்ன செய்யும்? விடியற்காலையில் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஈரலைத் தட்டி எழுப்பிச் சர்க்கரை விடச் சொல்லும். பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் இன்சுலின் சுரப்பையே தடுக்கும். நாத்தனார் பேசினதற்கு அப்புறம் உன் சர்க்கரையைப் பார்த்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ! மாமியாரை ராத்திரியில் ஒரு வாரம் உன் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

சாப்பாட்டைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன், உனக்கு அட்டவணை கொடுக்க ஊரே காத்திருக்கிறது. பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொடு, ஏற்றம் குறையும். சாப்பிட்டதும் உட்காராதே, தெருவில் நடந்துவிட்டு வா. வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். உன் கணையத்துக்கு இதைவிடப் பெரிய உதவி யாரும் செய்ய முடியாது. வாரத்தில் சில நாள் கொஞ்சம் பாரமும் தூக்கு. தண்ணீர்க் குடத்தைச் சொல்லவில்லை, அதை நீ ஏற்கெனவே தூக்குகிறாய், அதையும் வீட்டுக்காரரிடம் கொடு. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர், சுகரின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது, நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்கு. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவேயில்லை என்பதுதான் நம் குச்சிகளுக்கு நல்ல சேதி. நீ விளிம்பைத் தாண்டிவிட்டாய்தான். இருந்தாலும் மாத்திரையோடு சேர்த்து அதே நடைதான் உனக்கும்.

கடைசியாக, உன் மகள். நாலு மாதம் என்று சந்தோஷமாகச் சொன்னாயே ஒழிய, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கிற சோதனை ஆச்சா என்று சொல்லவில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பை இன்சுலின் பேச்சைக் கேட்காமல் ஆக்கும். பிள்ளைக்குச் சர்க்கரை போகட்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு. தாயின் கணையம் ஈடுகட்ட இரண்டு மூன்று மடங்கு சுரக்க வேண்டும். உன் கணையத்தின் பெண்ணல்லவா அவள், முடியாமல் போகலாம். அப்போது குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளையின் கணையம் பிறக்கும் முன்பே கூடுதல் வேலை பார்க்கும்.

இதை ஊருக்கெல்லாம் எளிதாக்கியவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷையா. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும், 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே செய்திருக்க வேண்டும், இப்போதாவது செய்யட்டும். சரியாக இருந்தாலும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை.

அவள் மாமியார், குளுக்கோஸ் தண்ணி குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று தடுக்கிறாராம், உன் மகளே எனக்கு மெசேஜ் போட்டாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். நீ சம்பந்தியிடம் நேராகப் பேசிச் சண்டையை ஆரம்பித்துவிடாதே. திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, அந்த அம்மாளுக்கு என் நம்பரைக் கொடு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
வம்புக்காரி